வாசலில் நிற்கிறீர்கள்

8-6-97, ஞாயிறு

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. கொடியில் கிடந்த என் பனியன் பக்கத்து வீட்டுக்குப் பறந்து போனது. மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஓட்டையைப் பார்த்திருப்பார்கள்.

சென்டருக்கு லீவு. ஓனரிடம் சாவி வாங்கிக் காந்திபுரம் போனேன். பாடம் நடத்தாத கம்ப்யூட்டர் சென்டர் எவ்வளவு நல்ல இடம். நான் எழுதிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு கிட்டத்தட்ட முடிந்தது. தமிழ் எழுத்துகள் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி வைத்துத் தந்தது மனைவி கோகிலா. (இனி கோ. முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது.) "ஏனுங்க, இந்த ஞௌவை வெச்சு ஒரு வார்த்தையும் இல்லையே, இது எதுக்குங்க?" என்று கேட்டாள். இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் ஒரு பிறவி என்றேன். வைத்துக் கொடுத்தாள்.

படம் கிடையாது. சுடுவது கிடையாது. திரையில் வருவதைப் படிக்க வேண்டும், என்ன செய்வதென்று டைப் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் திரை: "ஒரு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். கதவு திறந்திருக்கிறது."

அறைகள் இதுவரை:
– நேற்று மட்டும் நடக்கும் அறை.
– உட்கார்ந்தவர்களை எல்லாம் நினைவு வைத்திருக்கும் நாற்காலி. "அவர்களில் நீ யார்?" என்று கேட்கும்.
– சமையலறைக்குள் கிணறு. உங்கள் பெயரை அதில் போட்டால்தான் அடுத்த கதவு. பிறகு கடைசி வரை பெயர் இல்லாமல்தான்.
– பின்தலையைக் காட்டும் கண்ணாடி.
– கடைசி அறை. கேள்வி இன்னும் வரவில்லை. எனக்கே தெரியாததை எப்படிக் கேட்பது.

வீட்டில் ஆள் கிடையாது. யார் வேண்டுமானாலும், கேட்காமல், நேராக உள்ளே போகலாம். அதுதான் விளையாட்டின் உயிர். எங்கப்பா கூலிக்குக் காட்டு வேலை செய்த இடத்தில் எல்லாம் நிலக்காரரைப் "பண்ணாடி" என்று கூப்பிட்டுவிட்டு வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். உள்ளே வா என்று ஒருவரும் சொன்னதில்லை. நான் கட்டும் வீட்டில் யாரும் அப்படி நிற்க வேண்டாம்.

கோ.வுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. அவர்கள் வழக்கப்படி இப்போது பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்து, பெண்ணுக்கு ஊட்டிவிட்டு, பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அவளுக்கு அம்மா இல்லை. அப்பா அவிநாசியில் தோட்டமும் வீடுமாக இருக்கிறார். ரிஜிஸ்தர் ஆபீசில் நாங்கள் கையெழுத்துப் போட்டதிலிருந்து இரண்டு வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "கூப்பிடாத ஊட்டுக்கு நான் எப்பிடிப் போறது?" என்று கோ.வின் தம்பி செந்திலிடம் சொன்னாராம். கதவு திறந்துதான் இருக்கிறது, வரட்டும் என்று நான் சொல்லியனுப்பினேன். அப்படியே நிற்கிறது.

11-6-97, புதன்

தூறல். மாணவர்களை விளையாட விட்டேன். எல்லோரும் யோசிக்காமல் "ulle po" என்று தட்டிவிட்டு உள்ளே போனார்கள். நல்ல பிள்ளைகள்.

காதில் விழுந்தவை: "இதுல எப்ப சார் சுடோணும்?" "டேய், எம்பேரு கிணத்துல போயிருச்சுடா." "நாக்காலி கேள்வி கேக்குது, சாரும் கேள்வி கேக்கறாரு, நாம எங்கதாண்டா உக்கார்றது?"

கடைசியாகச் சொன்னவனுக்கு எதிர்காலம் உண்டு.

சாயந்தரம் செந்தில் வந்தான். இன்ஜினியரிங் படிக்கிறான் என்று அவனுக்கு அப்பா கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார், அதற்குப் பட்டுத் துணியில் உறையும் தைத்துப் போட்டிருக்கிறார். ஒரு ஃப்ளாப்பி எடுத்துப் போனான். யார் எழுதியது என்று அப்பாவிடம் சொல்லாதே என்றேன். ஏன் சொன்னேனோ.

14-6-97, சனி

வெயில். ஸ்டெபிலைசர் புகைந்தது. அரை நாள் பாடம் போச்சு, அரை நாள் நிம்மதி.

செந்தில் சென்டருக்குப் போன் செய்தான். சிரித்துச் சிரித்து அவனால் பேச முடியவில்லை. "மாமா, அப்பா உங்க விளையாட்டுல உக்காந்துட்டாருங்க. அவரு சொல்லச் சொல்ல நாந்தான் டைப் அடிக்கறேன். வாசலத் தாண்ட மாட்டேங்கறாருங்க."

முதலில் "ஊட்ல யாருங்க?" என்றாராம். திரை: "புரியவில்லை." "ஏனுங்க, ஆளு இருக்கீங்களா?" புரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். உள்ளே போங்கப்பா என்று செந்தில் சொன்னதற்கு, "கூப்புடட்டும், இரு கண்ணு" என்று டீ வரவழைத்துக் குடித்தாராம். கிளம்பும்போது, மிஷினை அணைக்காதே, யாராவது வந்தால் நாம் வந்தது தெரிய வேண்டும் என்றாராம்.

நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு சந்தோஷம் வந்தது, நல்ல சந்தோஷம் இல்லை. பண்ணாடி என் வாசலில் நிற்கிறார். நிற்கட்டும். எங்கப்பா எத்தனை வருடம் நின்றார்.

வீட்டுக்கு வந்து கோ.விடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கழுவிய அரிசியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

15-6-97, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. இந்த வீட்டில் சண்டையும் "ங்க" போட்டுத்தான் நடக்கும்.

"அந்த ஊட்டுக்குள்ள இருந்து ஒருத்தரு வாங்கன்னு சொல்ற மாதிரி எழுதிப்போடுங்க."

"ஆளே இல்லாத வீடு. யார் சொல்வது? அதுதானே அதில் விஷயமே."

"ஒரு வாங்க சொன்னா உங்க தத்துவம் தேஞ்சு போயிருமாக்கும்?"

"தேயும். உங்கப்பாவுக்காக ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன்."

கால் வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அது ஆளில்லாத ஊடு. சரிங்க. இந்த ஊட்ல நாம இருக்கறமல்லங்க?" என்றாள்.

நான் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"கட்டுச்சோறு வராட்டிப் போகுது. பிரசவத்துக்கு முன்னால அப்பா ஒருக்கா வந்து என்னையப் பாத்தாப் போதும்." அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன். எங்கம்மா வந்து பிரசவம் பார்ப்பாள்தான். அது வேறு, இது வேறு என்பது எனக்கே தெரிகிறது. அவளுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும்.

17-6-97, செவ்வாய்

அரை நாள் லீவு. காரணம்: வயிறு.

வாங்கியது: வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், வாழைப்பழம் ஒரு சீப்பு, பூ. தட்டு கோ.வின் சாமான்களிலிருந்து. ஒயர் கூடையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு அவிநாசி பஸ். கொய்யாக்காரி நகரச் சொல்லிச் சொல்லி இடித்தாள். வழி முழுக்க ஒரே யோசனை, அவரை எப்படிக் கூப்பிடுவது. மாமா என்றால் முகம் சுளிப்பாரோ. ஐயா என்றால் நான் எங்கப்பாவாகி விடுவேன். கடைசியில் கேட்டருகே போய் நின்று, "ஏனுங்க" என்றேன்.

நாய் குரைத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"கோகிலா நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க. ஒன்பதாம் மாசமுங்க. ஞாயித்துக்கிழமை நீங்க நம்மூட்டுக்கு வரோணுமுங்க. கூப்புடத்தான் வந்தனுங்க." தட்டை நீட்டினேன். கேட்டின் மேலே தூக்கித்தான் நீட்ட வேண்டியிருந்தது. ஒரு வாழைப்பழம் விழுந்தது.

வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. விழுந்த பழத்தை எடுத்துத் துடைத்தார்.

"அந்த வெளையாட்டு நீங்க எழுதுனதாமா. செந்திலு சொல்லிப்போட்டான்."

"ஆமாங்க."

"அந்த ஊட்ல ஆளு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இல்லீங்க. யாரு வேணாலும் போலாமுங்க."

"ஆளில்லாத ஊட்டுக்குள்ள நொழையறதுக்கு நான் என்ன திருடனுங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் வீம்புக்கு நிற்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"யாரு வேணாலும் போலாமுன்னா அப்பறம் எதுக்குங்க கதவு?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிஜமாகவே காத்திருந்தார். நானும் நிஜமாகவே யோசித்தேன். பிறகு நான் வாரனுங்க என்றேன். செரிங்க என்றார்.

உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கண்ணில் தூசி, காற்றுக்காலம்.

கோ. கேட்டாள்: "என்னங்க சொன்னாங்க?" தட்டை வாங்கிக்கொண்டார் என்றேன். அதையே திரும்பச் சொல்லச் சொன்னாள். ரெண்டு கையாலுமா என்று கேட்டாள்.

18-6-97, புதன்

கோபம் இன்றைக்குத்தான் வந்தது. எனக்கு எல்லாமே தாமதம். கேட்டில் நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டு எனக்குக் கதவைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டிலிருந்து கதவை எடுத்துவிட்டேன். "ஒரு வீட்டின் முன் நிற்கிறீர்கள்." கதவில்லாமல் வீடு சத்திரம் மாதிரி இருந்தது. உள்ளே போவதில் ஒரு அர்த்தமும் இல்லை. திரும்பப் போட்டேன். மனுஷன் கேட்டது சரியான கேள்வி. கடைசி அறைக்கு அதையே வைக்கலாமா என்று தோன்றியது. தோன்றியதற்காக இன்னும் எரிச்சல்.

20-6-97, வெள்ளி

டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நடக்கச் சொன்னார். துடியலூர் ஸ்டேஷன் வரை நடந்தோம். கோ. ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். நாற்காலியில் என் சட்டையைப் போடக்கூடாதாம்.

விளையாட்டில் ஒரே ஒரு மாற்றம். வாசலில் நின்று யாருங்க என்று கேட்டால் இனி "புரியவில்லை" வராது. "உள்ளே யாரும் இல்லை. நீங்கள் நின்றதால் இந்த வாசலுக்கு ஒரு ஆள் கிடைத்தது" என்று வரும். வாங்க என்று எழுதவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

22-6-97, ஞாயிறு

கோ. விடிவதற்கு முன்பே குளித்துவிட்டாள். வரமாட்டார் என்று நான் உறுதியாக நம்பினேன். வராவிட்டால் இவளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனை. வாய் நிறையப் பேஸ்டோடு முன்வாசலுக்கு வந்தால், கேட்டைத் திறந்துகொண்டிருக்கிறார். தனியாக. கையில் தூக்குப்போசி, கக்கத்தில் குடை. ஆம்பளைகள் கட்டுச்சோறு தூக்கிவரும் வழக்கம் எங்கேயும் கிடையாது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், வேட்டியில் புளிச்சாதத்தின் எண்ணெய்.

வாங்க என்று சொல்ல வேண்டும். வாயில் நுரை. துப்ப இடம் தேடுவதற்குள் செருப்பைக் கழற்றிப்போட்டு, என்னைத் தாண்டி, நேராக உள்ளே போய்விட்டார்.

உள்ளேயிருந்து கோ.வின் குரல். "ஏனுங்கப்பா, வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லியுட்டிருந்தா இவரு பஸ் ஸ்டாப்புக்கு வந்து கூட்டிட்டு வந்திருப்பாருங்கல்லோ?"

"எம்புள்ள ஊட்டுக்கு வாரதுக்கு என்னைய யாரு அம்மணி கூப்புடோணும்?"

இரண்டு வருடம். இரண்டு வருடம் கூப்பிடவில்லை என்று உட்கார்ந்திருந்த மனுஷன். அதுவும் அவர் பிள்ளை வீடாம், வாடகை கொடுப்பது நான். உள்ளே போய் நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைக் கொப்பளித்தேன். எட்டிப் பார்த்தால், தரையில் உட்கார்ந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு மெல்ல முடியவில்லை, அழுகிறாள். எனக்கும் ஒரு உருண்டை பிடித்து இலையில் தனியாக வைத்திருந்தார்.

புளி கொஞ்சம் தூக்கல்.