பெரட்டில் கடைசிப் பேர்

மதினி,

ஏலக்காட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். உங்கள் பெரட்டு நோட்டுதான், ஆள் பேர் கூப்பிட்டுக் குறிக்கிற நோட்டு. பனியில் நனைந்து நனைந்து ஊதிப்போய்விட்டது. பக்கத்தைப் புரட்டினால் தைலம் மணக்கிறது. நெஞ்சில் தேய்த்த கையைத் துடைக்காமலே நோட்டைத் தொடுவீர்கள். நீங்கள் கண்ணை மூடி நாலு மாதமாகியும் வாசனை போகவில்லை. நேற்று வரை இந்த வாசனை வந்ததும் நோட்டை மூடிவிடுவேன். இன்று மூடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தைப் பூட்டியபின் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் கொஞ்ச நாள் கொடி பிடித்தது, கொஞ்ச நாள் கோபப்பட்டது, அப்புறம் உட்கார்ந்துவிட்டது. அந்த உட்காரல் வருசக்கணக்கில் நீண்டது. கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காட்டில் ஆள் தேவை இருந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. நீங்கள்தான் ஏலக்காட்டுக் கணக்கப்பிள்ளையிடம் பேசினீர்கள், சும்மா நின்ற என் ஜீப்பைப் பிடித்தீர்கள், பஸ் வெயிட்டிங் ஷெட்டில் படுத்துக் கிடந்த வீடில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டீர்கள். ஆனால் யாரையும் நேராக வண்டியில் ஏற்றவில்லை. தோட்டம் ஓடிய காலத்தில் ஆள் எண்ணிய பெரட்டுக் களத்துக்குக் காலையில் வரவேண்டும். பேர் கூப்பிட்டால் ‘இருக்கேன்’ என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம். இப்படி ஆறு நாள். ஏழாம் நாள்தான் ஜீப்.

“வேலையே இல்லாதவனுக்கு எதுக்கு மதினி பெரட்டு?” என்று கேட்டேன்.

“வேல மறக்கல கொழுந்தனாரே. வர்றதுதான் மறந்துபோச்சு” என்றீர்கள்.

செல்லையாவும் அப்படி ஆறு நாள் வந்து பதில் சொன்னவர்தான். ஏழாம் நாள் வரவில்லை. லயத்தில் விடிவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். நீங்கள் அவர் பேரை அடிக்கவில்லை, பட்டியலின் கடைசிக்கு மாற்றினீர்கள். தினமும் கூப்பிட்டு, ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, அதன்பிறகுதான் நோட்டை மூடுவீர்கள். அவர் சம்சாரம் பாக்கியம் தலையைக் குனிந்து நிற்கும். நான் ஜீப்பிலிருந்து ஹாரன் அடிப்பேன். செத்த ஆளுக்கு வண்டியில் சீட்டுப் போடுகிறீர்களா என்று திட்டக்கூடச் செய்தேன்.

“வரவேண்டிய ஆளு. நான் எப்படி அடிக்கிறது?” என்றீர்கள்.

பனி இறங்கினால் அந்தக் களத்தில் முகம் தெரியாது, குரல்தான். அப்படி ஒரு காலையில் நீங்கள் ‘செல்லையா’ என்றதும் தேயிலைப் பக்கமிருந்து “இருக்கேன்” என்று வந்தது. தொண்டை கட்டிய, மெதுவான குரல். ஹாரன் மேல் வைத்த கை எனக்கு அழுந்தவில்லை. பாக்கியம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. நீங்கள் பேனாவை எடுத்து, வந்ததாகக் குறித்தீர்கள்.

மறுநாள் பாதிப் பேர் களத்துக்கு வரவில்லை. ஆள் குறைந்தால் வண்டியே அனுப்பவேண்டாம் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். கட்டியதெல்லாம் ஒரு குரலால் கலையப் போகிறதே என்று உங்களிடம் கத்தினேன். நீங்களோ தேயிலை ஓரத்துக் கல்லில் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டு மறுபடி அதே பேரைக் கூப்பிட்டீர்கள். பதில் வந்தது. பனி விலகியபின் போய்ப் பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஏழாம் நாள் சாக்கைத் தலையில் போர்த்திய உருவம் ஒன்று பனியிலிருந்து வந்து என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தது. ஏலக்காடு வரும்வரை கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினேன். கழுத்தில் அதன் மூச்சுப் பட்டது. சூடாக இருந்தது என்பதுதான் ஒரே ஆறுதல்.

வெயிலில் இறங்கியதும் பார்த்தால் மனுசன்தான். பாதம் வெடித்த, தாடி வைத்த ஆள். பூட்டிக் கிடந்த பேக்டரி மாடியில் வருசக்கணக்காகப் படுத்துக் கிடந்திருக்கிறார். சொந்தப் பேர் என்ன என்று அதட்டினேன்.

“அது கூப்பிட ஆளில்லாத பேருண்ணே. இது தெனமும் கூப்பிடுற பேரு. யாரும் எடுக்கலேன்னுதான் எடுத்துக்கிட்டேன்.”

பாக்கியம் என்ன சொல்லுமோ என்று நான் பயந்தேன். மூன்றாம் நாள் அது உங்களிடம் வந்தது. “அவுக சட்டை ரெண்டு பெட்டியில கெடக்குக்கா. பேரோட அதையும் வச்சுக்கிடட்டும்” என்றது. பிறகு கார்டு, காகிதமெல்லாம் அந்த ஆளுக்குச் சொந்தப் பேரில் வாங்கிக் கொடுத்தீர்கள். களத்தில் மட்டும் இன்றும் அவர் செல்லையாதான்.

நீங்கள் போனபின் நோட்டு என் கைக்கு வந்தது. இப்போது வெயிட்டிங் ஷெட்டில் ஒரு பெண் இருக்கிறாள், கையில் ஒரு துணி மூட்டை. காலையில் தேயிலை ஓரம் வந்து நிற்பாள். பேர் என்ன தாயி என்று நான் கேட்டதும் ஓடிவிட்டாள். இரண்டு முறை அப்படி. மழை பிடித்தால் அந்த ஷெட்டில் அவள் தாங்கமாட்டாள்.

செல்லையாதான் சொன்னார்: “பேரு கேட்டா ஓடத்தான் செய்வாக. எங்கள எல்லாரும் கேக்கத்தானே செய்றாக. கூப்பிடணும்ணே. இந்த நோட்டு வச்சிருந்த அக்கா பேரக் கூப்பிடுங்க.”

“வேற ஏதாச்சும் பேரு வச்சுக் கூப்பிடுறேன்யா.”

“இல்லாத ஆளக் கூப்பிட்டா கொரல்லயே தெரிஞ்சிரும். வந்தே ஆகணும்னு கூப்பிடுற பேரா இருக்கணும்.”

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் உங்கள் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் எழுதித்தான் கொடுத்தேன். போன வாரம் பனி மூடிய ஒரு காலையில், எல்லாப் பேரும் முடிந்தபின், அதைக் கூப்பிட்டேன். நாக்குக் கூசியது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காத்திருந்தபோது யார் பதில் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேனோ, அதை எழுத எனக்குத் தைரியமில்லை.

“இருக்கேன்” என்றது ஒரு பெண்குரல்.

உங்கள் குரல் இல்லை. இல்லையே என்று அவள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அப்புறம் பேனாவை எடுத்துக் குறித்தேன்.

ஆறு நாளும் பதில் சொன்னாள். இன்று ஜீப்பில் ஏறி என் பின்னால் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இங்கே வாசலில் கணக்கப்பிள்ளை உங்கள் பேரை வாசித்தார். அவள் கையைத் தூக்கிவிட்டு மற்றப் பெண்களோடு ஏலச்செடிகளுக்குள் போய்விட்டாள்.

இனி அந்தப் பேரை நான் சொன்னால் திரும்பிப் பார்ப்பவள் வேறொருத்தி. மதினி என்ற சொல் மட்டும்தான் என்னிடம் மிச்சம். இந்தக் கடிதத்தின் தலையில் உங்கள் பேரை எழுதாமல் விட்டதும் அதனால்தான். அந்தப் பேர் வேலைக்குப் போயிருக்கிறது. திரும்பக் கூட்டிப்போக நான் வாசலில் நிற்கிறேன்.