முள்ளுக்கு வந்த காய்ச்சல்

அம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை கார் கதவைத் திறந்ததும் நீதான் முதலில் வெளியே வந்தாய். வெயிலில் சூடேறிய ஆட்டுத்தோல், பசை, கொஞ்சம் பாலிஷ். ஷூ கம்பெனியிலிருந்து நீ வீடு திரும்பும்போது உன் புடவையில் வரும் அதே வாசனை. நீ போய் எட்டு மாதம் ஆகியும் அந்தக் காருக்குள் அது கலையாமல் உட்கார்ந்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குக் காயலாங்கடைக்காரர் வந்து காரை இழுத்துப்போவதாக ஏற்பாடு.

காரணம் உனக்கே தெரியும். எண்ணெய்ச் சூடு காட்டும் மீட்டரின் முள் தெருமுனை தாண்டும் முன்பே சிவப்புக்கு ஓடிவிடும். எண்ணெயை மாற்றினோம், முள் மாறவில்லை. "எஞ்சின் உள்ள தேஞ்சிருக்கு சார். இந்த வயசு வண்டிக்கு இனி பார்ட்ஸ் எங்க தேடுறது?" என்று மெக்கானிக் பாய் கைவிரித்தார். வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் கூட்டிப்போனோம். அதற்குப் பிறகு அப்பா அந்தக் காரை நேராகப் பார்ப்பதே இல்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வார், அணைப்பார், உள்ளே போய்விடுவார்.

எனக்கு அதை விட மனசில்லை. தடுக்கவும் வழி தெரியவில்லை. குறைந்தபட்சம் காயலாங்கடைக்காரருக்கு ஒரு நல்ல வரவேற்பாவது கொடுக்கலாம், ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஓடும்படி ஒயரை மாற்றிவைக்கலாம் என்று உள்ளே உட்கார்ந்தேன். என் டிபன் பாக்ஸில் வட்டமாக வெட்டிய தோலை அப்பளம் என்று வைத்து அனுப்பியவளின் மகள் வேறு எப்படி இருப்பாள்? நான் அதைக் கடித்து இழுத்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து சண்டை போட்டால், "பல்லு நல்லா கெட்டியா கீது, போ" என்றாய்.

எந்த ஒயர் எதற்கு என்று பார்க்கச் சாவியை மட்டும் திருப்பினேன். எஞ்சினைத் தொடவில்லை. விளக்கைப் போட்டேன். முள் துள்ளி ஏறியது. அணைத்தேன், இறங்கியது. மறுபடி போட்டேன், மறுபடி ஏறியது. விளக்குப் போட்டால் எண்ணெய் கொதிக்குமா? அப்படியென்றால் நம் வீட்டு டியூப்லைட்டிலேயே வடை சுடலாமே!

அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, வண்டிக்கு ஜுரம் இல்ல. ஜுரம் பாக்குற மீட்டருக்குத்தான் ஜுரம்!"

"காலையிலியே பேஜார் பண்ணாத பாப்பா. போன வாரம் கேஸ் லீக்குன்னு சொல்லி என்னைப் பனியனோட தெருவுக்கு ஓட வச்சவதான நீ?"

என் சரித்திரமே எனக்கு எதிர்சாட்சி. அப்போதுதான் உன் பேச்சு ஞாபகம் வந்தது. கம்பெனியில் கழித்துவிட்ட தோல்களைக் கேட்டு வாங்கி வரும்போதெல்லாம் சொல்வாயே: "ரிஜெக்ட்னு போட்டா, போட்டவன் கண்ண மொதல்ல செக் பண்ணு."

தோல் பதனிடும் டேனரியில் அப்பா டிரம் தண்ணீரின் சூடு பார்க்கிற கம்பித் தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினேன். "ஒரே ஒரு வாட்டி. நான் சொன்னது பொய்னா ஒரு மாசம் பாத்திரம் கழுவுறேன்."

"ரெண்டு மாசம்."

பைபாஸ் வரை போய்த் திரும்பினோம். முள் நூற்று நாற்பதைத் தாண்டிச் சிவப்பில் நின்றது. எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளையில் அப்பா தெர்மாமீட்டரை இறக்கினார். தொண்ணூறு. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார். தொண்ணூறேதான். என் கையில் டார்ச்சைக் கொடுத்தார்.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தேன். மீட்டருக்கு ஒயர் வழியாக வரும் கரண்ட் திரும்பிப் போக வேண்டிய பாதை, அதன் உடம்பைத் தொட்டிருக்கும் இரும்புத் தகடு. அங்கே தகடே தெரியவில்லை. அப்பா பிறந்தநாளுக்கென்று நீ டேஷ்போர்டு முழுக்கத் தோல் தைத்துப் போர்த்தினாயே, ஓரம் தெரிந்தால் அசிங்கம் என்று மீட்டர் ஓட்டைக்குள்ளும் மடித்து ஒட்டியிருந்தாய். தோல் கரண்டைக் கடத்தாது. துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூ வழியாகத்தான் அது அரைகுறையாகக் கசிந்துகொண்டிருந்தது, அதனால்தான் முள் எப்போதும் தப்பாகக் காட்டியது. விளக்கின் கரண்டும் அதே சந்தில் வந்து நெரிசல் பண்ண, முள் இன்னும் மிரண்டு ஓடியிருக்கிறது. முள் கெட்டதும் அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகுதான். எங்களில் யாரும் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். இருபது வருஷம் ஓட்டிய காரை அவர் விற்கத் துணிந்ததே உன் கைவேலையால்தான் என்று எப்படிச் சொல்வது?

"இன்னாடி, தூங்கிட்டியா?"

"அப்பா... இது அம்மா பண்ண வேல."

காட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார், அம்மா! எட்டு மாதத்தில் முதல் தடவை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "போறப்போ கூட என்னை ஏமாத்திட்டுத்தான் போயிருக்கா!"

உன் தையலில் ஓர் இழையைக்கூட நாங்கள் வெட்டவில்லை. ஒரு முழம் ஒயர், அவ்வளவுதான். ஒரு முனை மீட்டரின் முதுகில், மறுமுனை துரு சுரண்டிய இரும்பில். விளக்கைப் போட்டேன். முள் அசையவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஐந்து மணிக்குக் காயலாங்கடைக்காரர் வந்தார்.

"வண்டி குடுக்கலீங்க" என்றார் அப்பா.

"இன்னா சார், பேசுனது இன்னா, இப்ப சொல்றது இன்னா?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. என் சம்சாரம் வெளையாடிட்டா."

நேற்று ஏலகிரி ஏறினோம். பதினாலு வளைவிலும் முள் நடுவைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அப்பா தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

இந்த ஒரு வாரத்தில் தெருவில் எது கெட்டாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். மெக்கானிக் பாய்கூட ஒரு பழைய ஜீப்பைக் காட்டி, "பாப்பா, இத கொஞ்சம் பாரேன்" என்றார். எங்கே போனாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: "இது கெட்டுப்போறதுக்கு முன்னாடி, யாராச்சும் ஆசையா எதுனா செஞ்சாங்களா?" எல்லோரும் முறைக்கிறார்கள். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.