நான் அடித்த ‘கேஜ்’ என்ற சொல்

அன்பும் கோபமும் ஒருசேர, தேவா மச்சானுக்கு,

நீ படம் வரைந்து, நான் விண்ணப்பம் எழுதி, இருவர் பெயரிலும் பெற்ற காப்புரிமையை ரத்துசெய்யக் கோரி பெங்களூர்க் கம்பெனி ஒன்று மனுப் போட்டிருக்கிறது. நீ உயிரோடு இருந்தவரை வாய் திறக்காதவர்கள், நீ பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு வந்திருக்கிறார்கள். இது தற்செயலா?

டர்பைன் தகட்டை ஒரே படிகமாக வார்க்க வேண்டுமானால், உருகிய உலோகம் நிறைந்த அச்சு உலையிலிருந்து துளியும் குலுங்காமல் கீழே இறங்க வேண்டும். குலுங்கினால் நடுவில் வேறு படிகம் முளைத்துவிடும். நீ எதிர்ப்பக்கம் ஓர் எடையைத் தொங்கவிட்டுக் குலுக்கலை நிறுத்தினாய். அவ்வளவுதான் நம் கண்டுபிடிப்பு. ‘அவ்வளவுதானே’ என்பதுதான் இப்போது வழக்கு.

அவர்களுடைய நிபுணர் பிரமாணப் பத்திரத்தில் எழுதுகிறார்: “தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் ஒன்று இறங்க இன்னொன்று ஏறுவதைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது தானாகவே தோன்றியிருக்கும்.”

படித்ததும் பழைய கோப்பைத் திறந்தேன். உன் முதல் வரைவில் ‘கேஜ் மாதிரி’ என்று எழுதியிருந்தாய். படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று அதை அடித்தவன் நான். விண்ணப்பத்தில் அந்தச் சொல் ஓரிடத்திலும் கிடையாது. பிறகு அவருக்கு யார் சொன்னது?

ஊரிகத்தில் உள்ள நம் பட்டறையின் டர்னர் முனிரத்தினத்தைச் சந்தேகித்தேன். அவருடைய மருமகன் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறார். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“இன்னா சார், திருடுனியான்னு நேராவே கேளுங்களேன். சொன்னது தேவாண்ணன்தான். நீங்க பேட்டன்ட்டுக்குப் பேப்பர் போட்ட பொறவு, மிசின் வாங்கறேன்னு டை கட்டினு ஒர்த்தரு வந்தாரே, அவருகிட்ட. ரெண்டு டம்ளர கயித்துல கட்டி, கேஜ் ஏறி எறங்கறத அண்ணன் காட்டுச்சு. அந்தாளு விழுந்து விழுந்து சிரிச்சான். ‘லிஃப்ட்ல உக்காரவெச்சா பிளேடு வார்ப்பீங்க?’ன்னான்.”

அவர் பட்டறையில் கொடுத்துப்போன அட்டையை முனிரத்தினம் எடுத்துக் காட்டினார்; பிரமாணப் பத்திரத்தில் இருக்கும் அதே பெயர். அந்த ஆள்தான் இந்த நிபுணர்.

உன் தங்கை கிரேஸிடம் சொன்னேன். “எங்கண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தா போதும், சுரங்க ஷாஃப்டு அடி வரைக்கும் எறக்கிக் காட்டிடும். இதுக்குப் போயி முனிரத்தினம் அண்ணன கேட்டீங்களாக்கும்!” என்றாள்.

வேறென்ன காட்டினாய் மச்சான்? இறங்கும் வேகத்தைச் சொன்னாயா? எடை எவ்வளவு என்பதையும் சொன்னாயா? உன்மேல் கோபமில்லை என்று எழுத என்னால் முடியவில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். கண்முன் செய்து காட்டிய பிறகும் துறை நிபுணருக்கே பிடிபடாத ஒன்று, எவருக்கும் தானாகத் தோன்றுவது எப்படி? அந்தச் சிரிப்பைக் கேட்டவர் முனிரத்தினம் ஒருவர்தான். திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டேன். சாட்சிப் பத்திரமும் கேட்டேன். மருமகனின் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

லேத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “போடறேன் சார். அண்ணனுக்கோசரம். உங்களுக்கு இல்ல.”

கையெழுத்தாகிவிட்டது. வரும் திங்களன்று விசாரணை; நம் பக்கம் நானே வாதாடுகிறேன். யோசனை கேஜிலிருந்துதான் வந்தது என்று நானே ஒப்புக்கொள்ளப்போகிறேன். இந்தச் சுரங்க ஊரில் அத்தனை பேர் அதில் ஏறி இறங்கியும் உனக்கு ஒருவனுக்குத்தான் தோன்றியது என்றும் சொல்வேன். பிறகு அந்த நிபுணரிடம், அன்று ஏன் சிரித்தீர்கள் என்று கேட்பேன். அவர் பதில் சொல்லும்வரை உட்காரமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தங்கையின் கணவன்,
இன்னும் கோபம் தீராத
ஜெயசீலன்