ஏசி நின்ற மதியம் வந்த அலைகள்

அன்புத் தம்பி செல்வின்,

போன இடத்திலாவது உன் இருமல் விட்டதா? இங்கே மும்பையில், செம்பூர் ஆய்வகத்தில் உன் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. எனக்கு உடம்பும் மனசும் ஓய்ந்துவிட்டன.

உனக்குத் தெரியாத சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் துண்டின் மேல் நீ பார்த்த புரத அலைகளை, உனக்குப் பிறகு யாராலும் பார்க்க முடியவில்லை. ஆறு மாதம் முயன்றேன். இல்லாததை இருப்பதாக எழுதிவிட்டாயோ என்று காதுபடவே பேசினார்கள். நம் ஆய்வுக் கட்டுரையிலிருந்து அந்தப் பகுதியையும் உன் பெயரையும் எடுத்துவிடலாம் என்றார் நம் சார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, தம்பி. மன்னிப்பாயா?

இரண்டே புரதம். ஒன்று சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். மற்றது பின்னாலேயே வந்து அதைக் கழற்றிவிடும். இந்த இழுபறியில்தான் பாக்டீரியா தன் நடுவைக் கண்டுபிடித்து இரண்டாகப் பிரிகிறது. "யக்கா, நம்ம குர்லா ஸ்டேஷன்தான். ஏறுதவன் ஏறுவான், எறங்குதவன் தள்ளுவான். போலீஸே வேண்டாம், தானா லைன் விழுந்துரும்" என்பாய். என் கண்ணாடியில் கூட்டம் மட்டும்தான் இருந்தது, லைன் விழவே இல்லை.

போன செவ்வாய் மதியம் ஏசி நின்றுபோனது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேண்டாவெறுப்பாக நுண்ணோக்கியில் குனிந்தேன். கோடு கோடாக அலைகள் நகர்ந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. நெஞ்சுச் சளிக்குப் பயந்து நீ ஏசியை அணைப்பாய். நான் வந்து போடுவேன். எத்தனை சண்டை! "கோபர்கைரனே ஃபிளாட்டுக்காரங்களுக்குத்தான் குளிரு வேணும். தாராவி லேபர் கேம்ப்காரனுக்கு எதுக்குக்கா?" நீ கண்மூடியபின், சண்டை போட ஆளில்லாமல் பதினெட்டு டிகிரியிலேயே வைத்துவிட்டேன். கண்ணாடியில் நாம் பூசும் சவ்வு அந்தக் குளிரில் சரியாகப் படியவே இல்லை. ஏசியை அணைத்ததை எந்த நோட்டில் யார் எழுதுவார்கள்?

மறுநாளும் அணைத்துவைத்துச் செய்தேன், அலைகள் வந்தன. சார் பார்த்தார். உன் பெயர் இருக்கட்டும் என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, செல்வின். கொஞ்சம் அழுதேன். பிறகு தூக்கம்தான் வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் அம்மாவிடம் போய் அந்த அலைகளின் வீடியோவைக் காட்டுவேன். அவருக்கு ஒன்றும் புரியாது. "எம்புள்ள சொன்னது நெசந்தானா?" என்று மட்டும் கேட்பார். நெசம் என்பேன். நானும் உன்னை நம்பாமல் இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

உன்னோடு பிறக்காத அக்கா,
கிரேஸ்