லார்ஸின் மகள்

லார்ஸ்,

நேற்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பர்மாவின் இந்த அலோன் துறையில் உங்கள் நாட்டுக் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. அதன் கயிறுகளில் பூசிய கீலின் வாடை மர ஆலை வரைக்கும் வருகிறது. நீ கப்பலை விட்டிறங்கி ஆலைக்கு வந்தபோது உன் சட்டையிலும் அந்த வாடைதான் இருந்தது. துறைக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறேன். யாரைத் தேடிப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆலையில் நீ ரம்பம் தீட்டுகிறவன், நான் கொதிகலன் பார்க்கிறவன். 'துரை' என்று கூப்பிட்டால் நீ திரும்பமாட்டாய். ஆபீசில் ஆண்டர்சன் என்ற உன் பெயரில் இரண்டு 'எஸ்'ஸில் ஒன்றை விட்டு எழுதிவிட்டார்கள் என்று நீ சண்டைக்குப் போனதை ஆலையே சொல்லிச் சிரித்தது. எனக்கு மட்டும் காரணம் சொன்னாய். ஆண்டர்ஸ் உன் அப்பா. அவர் பெயரோடு மகன் என்று அர்த்தப்படும் 'சன்'னைச் சேர்த்தால் உன் பெயர். ஓர் எழுத்து விட்டுப்போனால் அப்பாவே வேறு ஆளாகிவிடுகிறார். உன் தாத்தா யோன் என்பதால் உன் அப்பா யோன்சன். எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான், நான் சுப்பையா மகன் மாணிக்கம் என்றேன். அன்று முழுக்க என்னைச் 'சுப்பையாசன்' என்றே கூப்பிட்டாய்.

பிறகு உங்கள் நாட்டில் சட்டம் வந்து, இருக்கிற பெயரே தலைமுறைக்கும் நிலைத்துவிட்டதாம். உன் அண்ணன் பிள்ளைகளும் ஆண்டர்சன்களே. "ஆண்டர்ஸ் அவங்களுக்குத் தாத்தா. மகன் எப்படி?" என்று உன் உடைந்த தமிழில் பொருமுவாய். உன் மனைவி மா கின் உண்டாகியிருந்தபோது, பையன் என்றால் லார்சன், பெண் என்றால் லார்ஸ்தோத்தர், அதாவது லார்ஸின் மகள் என்று அவளிடம் சொல்லிவைத்தாய். பர்மாக்காரர் பெயரில் அப்பனும் இல்லை, புருஷனும் இல்லை. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பிள்ளை முகம் பார்க்காமலே காய்ச்சலில் போய்விட்டாய்.

ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தமிழ் தெரிந்த பாதிரியார்தான். தகப்பன் ஆண்டர்சன் என்றால் பிள்ளையும் ஆண்டர்சன், வேறு பெயர் போட்டால் நாளைக்கு உன் பிள்ளை என்று யாரும் ஒப்பமாட்டார்கள் என்றார். அவர் பயமும் நியாயமானதே. நான் என்னென்னவோ வாதாடினேன். மா கின் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஆலை வாசலில் கடை போட்டுப் பழகிய தமிழில், பர்மா வழக்கப்படி ஐயாவைச் 'சயா' ஆக்கிச் சொன்னாள்:

"இது பொண்ணு, சயா. ஆண்டர்ஸுக்கு மகன் இல்ல. லார்ஸுக்கு மகள்."

பாதிரியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அதை மறுபடி எடுத்து, லார்ஸ்தோத்தர் என்பதை என்னை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே யாருக்கும் அந்தப் பெயர் முழுதாக வாயில் நுழைவதில்லை. நேற்று என்னிடம் வந்து அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.

"லார்ஸ் எப்படிப் பேசுவாரு மாமா?" என்றாள்.

பேசிக் காட்ட வாயெடுத்தேன். உன் குரல் நினைவுக்கு வரவில்லை. அதிலிருந்துதான் இந்தத் தவிப்பு.

ஊருக்கு வந்துவிடு என்று தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். கப்பல் எப்போது என்று விசாரிப்பேன், டிக்கெட் வாங்காமல் திரும்பிவிடுவேன். உன்னைப் பற்றி அவள் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.