கடிதத்துக்கு முந்திய வாழைத்தார்

பின்கட்டு அறையில் கோணிச் சாக்கால் மூடி வைத்திருக்கும் ரஸ்தாளித் தார் இன்று காலை மணக்கத் தொடங்கிவிட்டது. கலெக்டர் கச்சேரியில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியவன் அப்படியே நின்றேன். நீ இருந்திருந்தால் சாக்கை விலக்கி, ஒரு காயை விரலால் அமுக்கிப் பார்த்து, இன்றைக்கா நாளைக்கா என்று சொல்லியிருப்பாய். நானும் அமுக்கிப் பார்த்தேன். அது வாழைக்காய் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் விளங்கவில்லை.

பாத்திரம் கழுவும் தண்ணீர் போய் விழுகிற இடத்தில் நீ நட்டாயே, அந்த வாழையின் வழிவந்தது இது. நீ போன பிறகு அதை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. வீட்டில் சாப்பிடுவதையும் பாத்திரம் கழுவுவதையும் நிறுத்த முடியவில்லை. அந்தப் புண்ணியத்தில் வளர்ந்துவிட்டது.

நம் சின்னவள் ஜெபமணியின் விண்ணப்பம் சென்னைக்குப் போயிருக்கிறது. எஸ்தர்தான் தங்கைக்காக உட்கார்ந்து எழுதினாள். நான் எழுதித் தருகிறேன் என்றேன், மரியாதையாக மறுத்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. இப்படி ஒரு பதிலுக்காக நான் காத்திருப்பது இது இரண்டாவது முறை. முதல் முறை இருவருமாகக் காத்திருந்தோம் என்று எழுத வந்தேன். யோசித்தால் அது சரியில்லை. நான் காத்திருந்தேன். நீ செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அது ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியதற்கு மறு வருஷம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்பிள்ளை படிக்க முடிந்ததை எல்லாம் எஸ்தர் படித்து முடித்துவிட்டு, இனி என்ன என்பதுபோல நம் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் பெண்களுக்கென்றே புதிதாகக் கல்லூரி திறந்திருக்கிறது, எழுதிப் போடுங்கள் என்று பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சொன்னாள். எழுதினேன். என் ஆங்கிலம் கச்சேரியில் கற்றது. பிள்ளைக்குப் படிக்க இடம் கேட்ட அந்தக் கடிதத்தை வெளியார் யாராவது படித்திருந்தால், பெரிய குற்றம் ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அதே மாதத்தில் என் அக்கா சேரன்மகாதேவியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, எஸ்தரைத் தன் மகனுக்குக் கேட்டாள். பையன் நல்லவன். அவனைப் பற்றி வேறு எதுவும் சொல்ல முடியாத அளவுக்கு நல்லவன். எஸ்தர் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அக்காவிடம் இல்லை என்று சொல்லும் துணிவு நம் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் யாருக்கும் இருந்ததில்லை. "பட்டணத்திலிருந்து பதில் வரட்டும்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் தாமதம்.

பதில் வரவில்லை. விண்ணப்பங்கள் எப்படிக் கிடக்கும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில், ஒரு நாள் இராச் சாப்பாட்டின்போது விளக்கிச் சொன்னேன். ஒரு காகிதம் கட்டுக்குள் போய்விட்டால் அது மறுபடி வெளியே வர இரண்டே வழி: மேலதிகாரிக்குக் கோபம் வர வேண்டும், அல்லது கறையான் வர வேண்டும். எஸ்தர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். நீ அவள் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாய்.

"உங்க கச்சேரி மாதிரியே உலகம் பூரா இருக்கும்னு நெனைக்காதீய. பிள்ள சாப்பிடட்டும்."

தபால்காரர் நம் தெருவுக்குள் திரும்பும் முன்பே போய் எதிர்கொள்ளத் தொடங்கினேன். முதலில் சிரித்தார். பிறகு என்னைக் கண்டதும் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தார். ஒரு நாள் அங்கேயும் போய் நின்றேன். "வந்தா கொண்டாரமாட்டனா ஐயா? அதுக்குன்னு நானா ஒண்ணு எழுதித் தர முடியும்?" என்றார். எனக்கு அப்போது அதுகூட மோசமான யோசனையாகத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் குருவானவர் ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கேட்பவர்கள், கேட்டது ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதாக நம்பிக் கேட்க வேண்டும் என்பது சாரம். நல்ல பிரசங்கம். ஆண்கள் பக்கத்தில் பலர் தலையசைத்தார்கள்; சிலர் தூக்கத்தில் அசைத்தார்கள். நல்ல பிரசங்கங்களுக்கு நம் சபை காட்டும் மரியாதையோடு வெளியே வந்து, அதை மறந்து, நெல் விலை பேசினோம்.

நீ மறக்கவில்லை. அது எனக்கு அடுத்த ஞாயிறுதான் தெரிந்தது.

வீட்டில் ஒரு நன்மை நடந்தால், விளைந்ததில் ஒன்றைக் கோயிலில் கொண்டு வைப்பதும், இன்னார் இன்னதற்காகக் கொடுத்த ஸ்தோத்திரக் காணிக்கை என்று உபதேசியார் சபை நடுவே வாசிப்பதும், ஆராதனை முடிந்ததும் அந்தப் பொருளை முற்றத்தில் ஏலம் விடுவதும் நமக்குப் பிறந்ததிலிருந்து பழகிய காரியம். அன்றும் உபதேசியார் வாசித்துக்கொண்டே போனார். ஒரு வீட்டில் மாடு கன்று போட்டிருந்தது, ஒரு கோழி. ஒருவருக்கு வயிற்றுவலி நின்றிருந்தது, ஒரு பூசணிக்காய். அடுத்து என் பெயரைச் சொன்னார். என் மூத்த மகளுக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக, ஒரு வாழைத்தார்.

முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பெண்கள் பக்கம் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். மறுப்பதற்கு நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜவுளிக்கடை அண்ணாச்சி யாரையும் மேலே போகவிடாமல் கேட்டுத் தாரை ஏலத்தில் எடுத்தார். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டு போயிருந்தால் பாதி விபரீதத்தோடு போயிருக்கும். அங்கேயே சீப்புச் சீப்பாகப் பிய்த்தார்.

"நம்ம சபைப் பிள்ள பட்டணத்துல படிக்கப் போவுது. ஆளுக்கொரு பழம் எடுங்க வே. ஏ, குமாஸ்தா ஐயாவுக்கு முதல்ல கொடுங்க."

எனக்கும் ஒரு பழம் வந்தது. தின்றேன். மிக நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன், எனக்குத் தெரியாமல் லெட்டர் ஏதும் வந்துவிட்டதா என்று.

"இல்ல."

"பின்னே?"

"போன வாரம் பிரசங்கத்துல நம்ம ஐயரு சொன்னாருல்லா, கெடச்சிட்டுன்னு நம்பிக் கேக்கணும்னு. நம்பிட்டேன். நம்புன பெறகு ஸ்தோத்திரம் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

இதற்கு என்ன பதில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு அன்று மாலையே குருவானவரிடம் போனேன். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வாசிக்கச் சொல்வதுதான் என் எண்ணம். அவர் முழுவதையும் கேட்டார். வெகுநேரம் கூரையைப் பார்த்தார். பிரசங்கத்தை இப்படியும் ஒருவர் கேட்பார் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார். திருத்தம் வாசித்தால் திருத்தப்படுவது தன் பிரசங்கமாகத்தான் இருக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெபம் பண்ணுவோம் என்றார். அன்று அவர் பண்ணிய ஜெபத்தில் ஒரு அவசரம் இருந்தது. மறுநாள் முதல் அவரும் தபால்காரரை வழியில் நிறுத்தி விசாரிக்கத் தொடங்கினார். அந்த மனிதர் இப்போது இரண்டு பேருக்குப் பயந்து ஒளிய வேண்டியிருந்தது.

பதில் வந்தது. நின்றபடியே படித்தேன். இந்த வருஷம் இடங்கள் நிரம்பிவிட்டன, விடுதியிலும் இடமில்லை, வருந்துகிறோம், விரும்பினால் அடுத்த வருஷம் எழுதலாம். தமிழில் சொல்லி முடித்தபோது எஸ்தர் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். நீ காய் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"வரவே வேண்டாம்னு எழுதியிருக்கா?"

"இல்லை. அடுத்த வருஷம் எழுதலாமாம்."

"அப்போ சரி. நான் எந்த வருஷம்னு சொல்லலியே."

இதைச் சிரிக்காமல் சொன்னாய். நானும் சிரிக்கவில்லை. எஸ்தர் போவதற்காக அடுக்கி வைத்திருந்த டிரங்குப் பெட்டியை நான் பரணில் ஏற்றப் போனபோது தடுத்துவிட்டாய். அந்த வருஷம் முழுக்க அவள் தன் துணிகளை அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்து உடுத்தினாள். துவைத்து உலர்த்தி அதிலேயே மடித்து வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு, நாளைக் காலை ரயிலுக்குப் போகிறவள்போல இருக்கும். யார் கேட்டாலும், இனிமேல்தான் போகிறாள் என்றாய். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அக்காவுக்குச் செய்தி எட்டியதும் மறுபடி வண்டி வந்தது. அவள் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள். பட்டணத்துக்காரி வேண்டாமென்று சொல்லிவிட்டாளாமே, இனி எதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாள். நான் விசிறியை எடுத்தேன். நீ மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, மிகப் பணிவாகச் சொன்னாய்:

"மயினி, எனக்கென்ன, உங்க வீட்டுக்கு அனுப்பக் கசக்குதா? ஆனா கோயில்ல வாசிச்சாச்சு. சபை பூரா பழமும் தின்னாச்சு. இனி நான் மாத்துனா ஆண்டவரப் பொய்யராக்கின மாதிரி ஆயிரும்லா. அது உங்களுக்குச் சம்மதம்னா சொல்லுங்க."

அக்கா மோரைக் குடித்தாள். அப்படி ஒரு சம்மதத்தைக் கொடுக்க அவளாலும் முடியவில்லை. பையனுக்கு அந்தத் தை மாதமே வேறு இடத்தில் முடிந்தது. நாம் எல்லாரும் போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

நீ அந்தத் தாரைக் கோயிலில் வைத்தது விசுவாசமா, அக்காவுக்கு முன்கூட்டியே போட்ட அணையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது படித்தவர்களின் வழக்கம். உன்னிடம் அவை பாலும் தண்ணீரும்போலக் கலந்து கிடந்தன. எவ்வளவோ புஸ்தகம் படித்திருக்கிறேன். கெட்டிக்காரர்களைப் பற்றியும் பக்தர்களைப் பற்றியும் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மறு வருஷம் மறுபடி எழுதினோம். அந்தத் தடவை தபால்காரர் ஒளியவில்லை. தெருமுனையிலிருந்தே கடிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். நீ கிணற்றடியில் மீன் அலசிக்கொண்டிருந்தாய். இடம் கிடைத்துவிட்டது, ஆனி கடைசியில் வரச் சொல்கிறார்கள் என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத உயரத்தில் இருந்தது.

"சரி. காலேஜ் தொரசானி ஒரு வருஷம் பிந்திட்டா" என்றாய்.

காணிக்கை ஏதும் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "அதான் கொடுத்தாச்சே. ஒரு காரியத்துக்கு எத்தன தரம்?" என்று மறுபடி மீனுக்குக் குனிந்தாய். உள்ளே போய் எஸ்தரிடம் சொல்லிவிட்டு, அவள் அழுது முடித்து, நான் திரும்பி வந்து பார்த்தபோதும் நீ குனிந்தபடியே இருந்தாய். மீன் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. சட்டித் தண்ணீருக்குள் உன் இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. அது நிற்கட்டும் என்று நீ கையை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த ஒரு வருஷமும் என்னைவிட நீ அதிகமாகப் பயந்திருக்கிறாய் என்று. சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பினேன். கலெக்டர் முன்னாலும் நான் பின்னுக்கு நடந்து வெளியேற நேர்ந்தது இல்லை. அன்று நடந்தேன்.

பிறகு சில வருஷம் கழித்து ஒரு காய்ச்சல் வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் விழுந்தபோது நீயும் விழுந்தாய். எஸ்தர் பட்டம் வாங்கி வந்து இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலையில் சேர்ந்திருந்தாள். அவளும் ஜெபமணியும் மாறி மாறி உன் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு மாலையில் நானும் துணிந்து உன்னிடம் சொன்னேன்: உனக்குச் சுகமாகிவிட்டது என்று கோயிலில் ஏதாவது கொண்டு வைக்கட்டுமா என்று. உனக்குச் சிரிப்பு வந்தது. இருமலும் கூடவே வந்தது.

"வேண்டாம். எனக்குன்னு நான் அப்படிக் கேட்டதே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பின்னால கன்னு ஒண்ணு வந்திருக்கு, முழங்கால் ஒசரம். யாரையும் மிதிக்க விடாதீய. அது சின்னவளுக்கு" என்றாய்.

அந்தக் கன்றின் தார்தான் இப்போது சாக்குக்குள் மணக்கிறது.

ஜெபமணி சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் கறையான் கதை எதுவும் சொல்வதில்லை. கரண்டியை எடுத்துக் குழம்பு ஊற்றுகிறேன், பாதி இலைக்கு வெளியே போகிறது. டிரங்குப் பெட்டி அவள் அறையில் தரையிலேயே இருக்கிறது. தபால்காரர் தெருவில் நிமிர்ந்து நடக்கிறார்.

இன்று சனிக்கிழமை. கச்சேரியிலிருந்து வந்ததும் தாரை வெளியே எடுத்தேன். எஸ்தர் வந்து அமுக்கிப் பார்த்து, நாளைக்குச் சரியாக இருக்கும் என்றாள். ஆள் வைத்துத் தூக்கச் சொன்னாள். நானே தோளில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வழியில் பார்த்தவர்கள், என் வயதுக்கு இது தேவையா என்பதுபோலப் பார்த்தார்கள். நீ அன்று அதை எப்படி யாருக்கும் தெரியாமல் கொண்டுபோனாய் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் தோள் இப்போதும் வலிக்கிறது.

உபதேசியார் அதே உபதேசியார்தான். தாரை இறக்கிவிட்டு, எதற்கென்று எழுதட்டும் என்றார். என் இளைய மகளுக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு என்றேன். பேனாவை மையில் தோய்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"லெட்டர் வந்துட்டா, ஐயா?"

"இல்லை" என்றேன்.

பேனாவை மறுபடி மையில் தோய்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

நாளைக் காலை அது சபை நடுவே வாசிக்கப்படும். முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். பழக்கத்தில் நான் பெண்கள் பக்கம் திரும்பிவிடாமல் இருக்க வேண்டும். நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன் இனிமேல் நான்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.