முதலாம் கல்லில் இருந்த பெயர்

வாழைச்சேனை,
நவம்பர் 9, ஞாயிறு பின்நேரம்.

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஏழு வருசத்துக்குப் பிறகு வருகிற கடிதம், யார் எழுதியது என்று முதலே சொல்லிவிடுவது நல்லது. கால் வீக்கத்தையும் இந்த வீட்டின் வெறுமையையும் விட்டால் நான் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். கனடாவில் நீயும் றிஷாட்டும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது, குசினிப் பக்கம் ஓடு ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். பிரான்சில் இருந்து தம்பி நிலோஜன் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுப்பான், தங்கச்சி தக்ஷாயினி கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒருக்கா வந்து வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு என்னை ஏசிவிட்டுப் போவாள், மற்ற நாளெல்லாம் நானும் ரேடியோவும்தான். ஒரு கறி வைத்தால் இரண்டு நாளைக்குக் காணும், அதனால் வைக்கவே மனம் வருவதில்லை, பாணும் சம்பலும்தான் சாப்பாடு. அம்மா இருந்தால் இதற்கு என்ன பேச்சுப் பேசியிருப்பாள் என்று உனக்குத் தெரியும். பின்நேர ஜெபத்தில் பாட்டும் நான்தான் ஆமென் சொல்வதும் நான்தான். தனிமை பெரிய கஷ்டம் மகள், மில்லில் முப்பது வருசம் மெசின் சத்தத்துக்குள் நின்றவனுக்கு இந்த அமைதி காதைக் குடைகிறது.

போன மாதம் போதகர் வந்து, ஞாயிறு பாடசாலை ரீச்சர் பிள்ளை பெற்றிருக்கிறா, நீங்கள் சும்மாதானே இருக்கிறீங்கள், நாலு கிழமைக்குப் படிப்பியுங்கள் என்றார். எனக்குப் பொறுமை இல்லை என்றேன், அதெல்லாம் தானாய் வரும் என்று பாடத்தைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். பாடம் ஆரோனுடைய மார்ப்பதக்கம். பிரதான ஆசாரியன் தேவ சந்நிதிக்குள் போகும்போது நெஞ்சில் கட்டுகிற பதக்கம், உனக்கும் சின்னனில் படிப்பித்திருப்பார்கள். நாலு வரிசை, வரிசைக்கு மூன்று கல், பன்னிரண்டு கல்லிலும் யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர். மையால் எழுதினால் அழிந்துபோகும் என்றுதானோ என்னவோ, முத்திரை வெட்டுவதுபோலக் கல்லிலே வெட்டச் சொல்லியிருக்கிறது. தோள்களிலும் இரண்டு கல், ஆறு ஆறாய் அதே பெயர்கள். தோளில் கிடப்பது அவர்களைச் சுமப்பதற்கு, நெஞ்சில் கிடப்பது அவர்களை மறக்காமல் இருப்பதற்கு என்று போதகர் விளக்கம் சொன்னார்.

பிள்ளைகளுக்குக் காட்ட மட்டையில் ஒரு பதக்கம் செய்தேன். பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் வளையல் மணி விற்கிற பென்சிக் கடையில் கிடைத்தது, முதலாம் கல்லுக்கு மட்டும் நல்ல சிவப்பு கிடைக்கவில்லை. வேதத்தில் அதைப் பத்மராகம் என்றிருக்கிறது, ரத்த நிறம் என்பார்கள். அம்மா பொத்தான் போட்டுவைக்கிற தகரப் பேணியைக் கிண்டினேன். அடியில் உன் சிவப்புக் கல் தோடு, ஒற்றை. ஐந்தாம் வகுப்பில் விளையாட்டுப்போட்டி அன்று மற்றதைத் துலைத்துவிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கினாயே, அதன் சோடி. உன் பேச்சே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று நான் சட்டம் போட்ட பிறகும் அவள் அதை எறியவில்லை. அந்தக் கல்லைத்தான் ஒட்டினேன்.

அதை ஒட்டின மறுகா பெயர் எழுதத் தொடங்கினேன். பிறந்த ஒழுங்கில் போனால் முதற்கல் யாக்கோபின் மூத்தவன் ரூபனுக்கு. அங்கே தூரிகை நின்றுவிட்டது. ரூபன் தகப்பனின் படுக்கையையே தீட்டாக்கினவன், சாகக் கிடக்கும்போதும் யாக்கோபு அதைச் சொல்லித்தான் கோபித்தார், மூத்தவனுக்குரிய உரிமையும் அவனுக்கு இல்லாமல் போனது. ஆனால் கல் வெட்டச் சொன்ன ஆண்டவர் பதினொன்று போதும் என்று சொல்லவில்லை. அவன் பெயரும் நெஞ்சிலே கிடந்தது. அறுபத்தெட்டு வயதுக்குள் இதை எத்தனை தரம் வாசித்திருப்பேன், கல்லின் நிறங்களைப் பார்த்தேனே தவிர பெயர்களைப் பார்க்கவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

நீ ரூபன் செய்ததைச் செய்யவில்லை. ஓட்டமாவடி முஸ்லிம் பொடியன் ஒருவனை விரும்பிக் கட்டினாய், அவ்வளவுதான். நான் செய்ததைப் பார். அம்மா செத்தபோது மரண அறிவித்தலை நானே எழுதினேன், நிலோஜன் (பிரான்ஸ்), தக்ஷாயினி (கொழும்பு) ஆகியோரின் அன்புத் தாயாரும் என்று முடித்தேன். அக்காட பேரையும் போடுங்கப்பா, அம்மாவுக்காக எண்டாலும் போடுங்க என்று தங்கச்சி காலில் விழாத குறையாய்க் கேட்டாள். நான் அசையவில்லை. கல்லறைக் கல்லிலும் அந்த இரண்டு பெயர்தான். அந்த அறிவித்தலை நீ போனில் பார்த்திருப்பாய், பெற்ற தாயின் சாவில் உன் பெயரைத் தேடியிருப்பாய். என்னை மன்னித்துக்கொள் மகள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

போன புதன் பாலம் தாண்டி ஓட்டமாவடிக்குப் போனேன், உன் மாமா, றிஷாட்டின் வாப்பா உசனார் வீட்டுக்கு. அம்மாவின் அடக்கத்தன்று அந்த மனிசன் நம் கேற்றடியில் வெயிலில் நின்றார், நான் உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. என்னைக் கண்டதும், என்ன சம்மந்தி வாசலோட நிக்கிறீங்க, உள்ளுக்கு வாங்க என்றார். செவிட்டில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது. தேத்தண்ணி தந்து நம் பேத்தி நிஸ்றாவின் படத்தையும் காட்டினார். நாலு வயதாம். காது அப்படியே அம்மாவின் காது. உன் விலாசமும் போன் நம்பரும் அவர் தந்ததுதான். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதுதான் எழுதுகிறேன்.

அங்கிருந்து நேரே கல் வெட்டுகிற சீனித்தம்பியிடம் போய், மூத்த மகளின் பெயரையும் வெட்டவேண்டும் என்றேன். அவர் என்னோடு கல்லறைக்கு வந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இதுக்குள்ள இனி ஒரு எழுத்தும் போகாது ஐயா, கீழ உங்களுக்கெண்டு விட்ட பாதிதான் இருக்கு என்றார். அதிலே வெட்டு என்றேன். அப்ப உங்கட பேரை எங்க வெட்டுற என்று கேட்டார், முதலில் இதை வெட்டு என்றேன். நேற்று வெட்டி முடிந்தது. நல்ல பெரிய எழுத்து, தூரத்திலேயே தெரிகிறது.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளைக்குக் காதை மூடிக் கட்டு. நீ நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்தில் பட்டினி கிடக்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை விட்டுவிடு. றிஷாட்டுக்கு என் அன்பைச் சொல்லு. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. என் பெயரை எங்கே வெட்டுவது என்று சீனித்தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், மூத்த மகள் வந்து சொல்வாள் என்று சொல்லிவிட்டேன். நான் கேட்கக்கூடிய நாளிலேயே வந்து சொல்லு.

உன் அப்பா,
சா. அருள்ரெத்தினம்